இரண்டாம் கட்டில் 5ஜி ஏன் தடுமாறுகிறது?

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. தாத்தா காலத்து வீடு. வாசல் ஒரு தெருவில், கொல்லைக் கதவு அடுத்த தெருவில். சுவரெல்லாம் இரண்டடிக் கனம். மழைக்கும் குரங்குக்கும் பயந்து, வளவு என்று நாங்கள் சொல்லும் திறந்த நடு முற்றத்துக்கு மேலே மூன்று வருடம் முன்பு ஷீட் போட்டோம். புதிதாக 5ஜி போன் வாங்கினேன். முகப்பில் உட்கார்ந்து ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 350 எம்பிபிஎஸ் காட்டுகிறது. வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டில், அம்மா படுத்திருக்கும் அறையில், பதிவிறக்கம் 12, பதிவேற்றம் 0.3. ஆனால் மேலே 5ஜி என்ற எழுத்து மட்டும் மாறுவதே இல்லை. சிங்கப்பூரிலிருந்து மகள் வீடியோவில் வந்தால் அவள் முகம் எங்களுக்குத் தெரிகிறது. "நீங்கள் உறைந்து போயிட்டீங்கப்பா" என்கிறாள் அவள். இதில் வேடிக்கை, அம்மாவின் பழைய பட்டன் போனில் அதே கட்டிலில் படுத்தபடி கணீரென்று பேச முடிகிறது. கடைக்காரர் ஒருவர் பூஸ்டர் மாட்டச் சொல்கிறார். இன்னொருவர் மொட்டை மாடியில் வைக்கும் 5ஜி பெட்டி வாங்கச் சொல்கிறார். என் தம்பியோ 6ஜி வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

— ஓய்வு பெற்ற ஆசிரியர், சிவகங்கை மாவட்டம்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் முக்கியமான எண் 350 அல்ல, 0.3. ஸ்பீடு டெஸ்ட் போடுகிறவர்களில் பெரும்பாலோர் அந்த இரண்டாவது எண்ணைப் பார்ப்பதே கிடையாது. விளம்பரங்களும் அதைச் சொல்வதில்லை. நீங்கள் குறித்து வைத்ததால் பாதி வேலை முடிந்தது.

மகள் முகம் உங்களுக்குத் தெரிகிறது என்றால் கோபுரத்திலிருந்து போனுக்கு வரும் பாதை நன்றாக இருக்கிறது. உங்கள் முகம் அவளுக்கு உறைகிறது என்றால் போனிலிருந்து கோபுரத்துக்குப் போகும் பாதை திணறுகிறது. இரண்டும் ஒரே காற்றில்தான் போகின்றன, ஆனால் ஒரே பலத்தில் போவதில்லை. 5ஜி கோபுரத்தின் ஆண்டெனா நூறு வாட்டைத் தாண்டிய திறனில் அலையை அனுப்பும். அந்த ஒரு பலகைக்குள் 32 அல்லது 64 அனுப்பிகள் இருக்கும். அவை ஒன்றுசேர்ந்து அலையைக் குவித்து உங்கள் வீட்டுப் பக்கமாகத் திருப்பவும் செய்யும். உங்கள் கைப்பேசியோ பெரும்பாலும் 0.2 வாட்டோடு நின்றுவிடும். பேட்டரிக்கும் உடம்புக்கும் அதற்கு மேல் ஆகாது. திருவிழாப் பந்தலில் ஒலிபெருக்கி வைத்துக் கூப்பிடுகிறவருக்குக் கூட்டத்தின் கடைசியில் நிற்பவர் வெறும் தொண்டையால் பதில் சொல்கிற நிலைமைதான். கோபுரத்தின் காது கூர்மையானது என்பதால் வெட்டவெளியில் சமாளித்துக்கொள்கிறது. நடுவில் நான்கு சுவர் வந்தால் முதலில் அறுபடுவது இந்தத் திரும்பும் குரல்தான்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. முகப்பில் உங்களுக்கு 350 கொடுத்த பட்டை அநேகமாக 3,300 மெகாஹெர்ட்ஸ். 2022 ஏலத்தில் நிறுவனங்கள் 5ஜிக்கென்று வாங்கிய முதன்மைப் பட்டை அது. பெரிய நிறுவனங்களிடம் அதில் 100 மெகாஹெர்ட்ஸ் அகலம் இருக்கிறது. 4ஜியில் ஒரு தடத்தின் உச்ச அகலமே 20தான். வேகம் வருவது இந்த அகலத்தால். ஆனால் இந்தப் பட்டையில் போவதற்கும் வருவதற்கும் தனித்தனித் தடம் கிடையாது. ஒரே தடத்தை நேரம் போட்டுப் பங்கிடுகிறார்கள். நாம் பார்ப்பதும் இறக்குவதும்தான் அதிகம் என்பதால் முக்கால் பங்கு நேரம், சில சமயம் அதற்கும் மேல், கோபுரத்துக்கே ஒதுக்கப்படுகிறது. மிச்சமுள்ள நேரத்தில்தான் போன் பேச வேண்டும். பலமும் குறைவு, பேசக் கிடைக்கும் நேரமும் குறைவு.

சுவர் விஷயத்துக்கு வருவோம். 3,300 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 9 சென்டிமீட்டர். 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 43 சென்டிமீட்டர். சுவரே இல்லாவிட்டாலும், ஒரே தொலைவில், ஒரே திறனில் அனுப்பினால், போனுக்குள் இருக்கிற மாதிரிச் சிறு ஆண்டெனாவில் உயர்ந்த பட்டையின் அலை இருபது மடங்குக்கு மேல் மெலிந்துதான் விழும். பெரிய ஆண்டெனாப் பலகைகள் இந்த இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டுகின்றன. சுண்ணாம்புக் காரை பூசிய இரண்டடிச் செங்கல் சுவருக்கு அவற்றிடமும் பதில் இல்லை. மழைக்காலத்தில் சுவர் ஈரம் குடித்திருந்தால் இன்னும் மோசமாகும்.

உங்கள் ஊர்ப் பக்கத்தில் இந்த மாதிரி வீடுகளைக் கட்டியவர்கள் இதற்கு ஒரு வழி விட்டிருந்தார்கள், வேறு காரணத்துக்காக. திறந்த வளவு. வெயிலும் காற்றும் இறங்கிய அதே வழியாக அலையும் இறங்கும்; தூண்களிலும் தரையிலும் பட்டுத் தெறித்துப் பக்கத்து அறைகளுக்குள் நுழையும். நீங்கள் போட்ட ஷீட் தகரமா, பிளாஸ்டிக்கா என்று எழுதவில்லை. பாலிகார்பனேட் என்றால் பிரச்சினை இல்லை, அலை ஊடுருவிவிடும். இரும்புத் தகடு என்றால் அது கண்ணாடிபோல் அலையை வானத்துக்கே திருப்பி அனுப்பும். பழைய சினிமா வீடுகளில் வரும் வளவைப் பார்த்து ஏங்கிவிட்டுத் தன் வீட்டு வளவைத் தகரத்தால் மூடுகிறவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. அது வேறு விஷயம். அடுத்த முறை ஷீட் மாற்றும்போது பாதியையாவது ஒளி புகும் ஷீட்டாகப் போடுங்கள். வெளிச்சமும் வரும், சிக்னலும் வரும்.

அம்மாவின் பட்டன் போன் மர்மம் இப்போது புரிந்திருக்கும். அது 2ஜி போன் என்றே வைத்துக்கொள்கிறேன். 900 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் 2ஜி போன் பேசும் கணத்தில் 2 வாட் வரை அனுப்பலாம். உங்கள் புதுப் போனைப்போல் பத்து மடங்கு. எட்டில் ஒரு பங்கு நேரம்தான் அது பேசும் என்பது உண்மை. ஆனாலும் தாழ்ந்த பட்டை சுவரைத் தாண்டும், குரலுக்குத் தேவையான தகவலோ வினாடிக்குப் பதின்மூன்று கிலோபிட் அளவில் முடிந்துவிடும். வீடியோவுக்கு அதைப்போல் நூறு மடங்காவது வேண்டும். பழையது புதியதை ஜெயித்துவிட்டது என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்குக் கொடுத்த வேலை சிறியது.

போனின் மேல்வரியில் மாறாமல் நிற்கும் 5ஜி எழுத்தைப் பற்றி. 2022 அக்டோபர் 1 அன்று இந்தியாவில் 5ஜி தொடங்கியபோது இரண்டு பெரிய நிறுவனங்கள் இரண்டு வழியில் போயின. ஜியோ தனித்து நிற்கும் 5ஜி வலையமைப்பைக் கட்டியது. ஏர்டெல் தொடக்கத்தில் தன் 4ஜியின் மேல் 5ஜியை ஏற்றியது. இரண்டாவது வகையில் போன் எப்போதும் 4ஜியைப் பிடித்துக்கொண்டே இருக்கும்; 5ஜி கூடுதல் தடமாக வந்து வந்து போகும். "இந்தக் கோபுரத்தில் 5ஜி உண்டு" என்று 4ஜி சிக்னல் சொன்னாலே பல போன்கள் 5ஜி என்று எழுதிவிடும், அந்த நொடியில் ஒரு பிட்கூட 5ஜி வழியாக வராவிட்டாலும். முதல் வகையில் வேறு கதை. 2016இலும் 2021இலும் விலை அதிகம் என்று யாரும் தொடாத 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையை ஜியோ 2022இல் நாடு முழுவதும் வாங்கியது. வீட்டின் உட்பக்கம் போனால் போன் அந்தப் பட்டைக்கு இறங்கிவிடும். அகலம் 10 மெகாஹெர்ட்ஸ்தான், ஆகவே 350 கிடைக்காது. ஆனால் இணைப்பு உயிரோடு இருக்கும், எழுத்தும் 5ஜியாகவே இருக்கும். மொத்தத்தில் அந்த எழுத்தை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். போனில் 'போனைப் பற்றி' என்ற பகுதிக்குள் சிம் நிலை என்று ஒன்று இருக்கும். அங்கே சிக்னல் பலம் கழித்தல் குறியோடு ஓர் எண்ணாகத் தெரியும். −90 என்றால் நல்லது. −115 என்றால் போன் உச்ச பலத்தில் கத்திக்கொண்டிருக்கிறது, அதனால்தான் சூடாகிறது, பேட்டரியும் இறங்குகிறது.

இன்றே செய்யக்கூடியது: அம்மாவின் அறையில் இருக்கும்போது மொபைல் நெட்வொர்க் அமைப்பில் 5ஜியை அணைத்து 4ஜிக்கு மாற்றிப் பாருங்கள். 850, 900 போன்ற தாழ்ந்த 4ஜி பட்டைகளில் போனுக்கென்று தனித் தடம் உண்டு; காத்திருக்காமல் இடைவிடாது பேசலாம். பதிவிறக்கம் குறைந்தாலும் குறையும். பதிவேற்றம் 1 அல்லது 2 எம்பிபிஎஸ் எட்டிவிட்டால் மகள் உங்களைத் தடையில்லாமல் பார்ப்பாள். இதைக் காலை ஆறு மணிக்கும் இரவு எட்டரைக்கும் தனித்தனியே செய்து பாருங்கள். காலையில் சரியாக இருந்து இரவில் மட்டும் விழுந்தால் குற்றம் சுவரில் இல்லை, கோபுரத்தில் கூட்டம் அதிகம். அதற்கு உங்கள் கையில் மருந்து கிடையாது.

பூஸ்டர் வேண்டவே வேண்டாம். அரசின் அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பதே இந்தியாவில் சட்டவிரோதம். அது இருக்கட்டும், அந்தக் கருவி செய்யும் கெடுதலைப் பாருங்கள். மலிவான பூஸ்டர் உங்கள் போனின் குரலோடு சேர்த்து இரைச்சலையும் பெருக்கிக் கோபுரத்தின் காதில் கொட்டும். மெல்லிய குரல்களைக் கேட்கத்தான் அந்தக் காது அவ்வளவு கூர்மையாகச் செய்யப்பட்டிருக்கிறது. உங்கள் அறை சரியாகும். தெருவில் மற்றவர்களின் அழைப்பு அறுந்துகொண்டே இருக்கும். இதைக் கடையில் வெளிப்படையாக விற்பது எனக்கு இன்றும் புரியாத ஒன்று.

மொட்டை மாடிப் பெட்டி நல்ல யோசனைதான், ஆனால் இரண்டாவது தேர்வாக. 2023 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ஏர்டெலும் ஜியோவும் 'ஏர்ஃபைபர்' என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தன. பெயரில் ஃபைபர் இருக்கிறதே தவிர வீட்டுக்கு இழை வராது. உங்கள் இரண்டடிச் சுவரைச் சுற்றிக்கொண்டு போவதுதான் இதன் சாமர்த்தியம்: போனைவிடப் பெரிய ஆண்டெனா கோபுரத்தை நேராகப் பார்த்து வெளியே நிற்கிறது, கேபிள் வழியாக உள்ளே வருகிறது. ஆனால் பகிர்ந்துகொள்வது ஊரே பயன்படுத்தும் அதே கோபுரத்தைத்தான். மின்வெட்டில் நிற்காமலிருக்க இன்வெர்ட்டரில் இணைக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

முதல் தேர்வு உண்மையான இழை. உங்கள் ஊர்க் கேபிள்காரரிடமோ பி.எஸ்.என்.எல். அலுவலகத்திலோ ஃபைபர் இணைப்பு உண்டா என்று கேளுங்கள். அதில் பல திட்டங்களில் போகும் வேகமும் வரும் வேகமும் ஏறக்குறைய சமம். பொருத்த வருகிறவர் வைஃபை ரௌட்டரை வாசல் பக்கமே ஆணி அடித்துவிட்டுப் போகப் பார்ப்பார். விடாதீர்கள். வைஃபைக்கும் அதே சுவர்தான். ஒரு ரௌட்டரை வளவில் வையுங்கள். அங்கிருந்து லேன் கேபிள் இழுத்து இரண்டாம் கட்டில் இன்னொன்று. ஒரே லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், உங்கள் வீட்டுக்குப் போதும். காற்றுவழி விரிவாக்கி வாங்கினால் அதுவும் சுவரோடு மல்லுக்கட்டும், பணம் வீண். இழை வந்தபின் போனில் வைஃபை அழைப்பு என்ற வசதியைத் திறந்துவிட்டால், சாதாரண அழைப்பும் அதன் வழியாகவே போகும். 2020 முதலே இங்கே பெரிய நிறுவனங்களில் இருக்கிற வசதி இது.

தம்பியிடம் சொல்லுங்கள்: 6ஜி 2030ஐ ஒட்டித்தான் வரும். 2027இல் நடக்கவுள்ள உலக வானொலித் தொடர்பு மாநாட்டில் அதற்காகப் பரிசீலிக்கப்படும் பட்டைகளில் 7,125 முதல் 8,400 மெகாஹெர்ட்ஸ் வரையிலானது முக்கியமானது. 3,300க்கே வழிவிடாத உங்கள் சுவர் அதற்கு வழிவிடப் போவதில்லை. கேபிள்காரரைத் திங்கட்கிழமையே கூப்பிடுங்கள்.