கோல்ஃப் பை எதற்காகப் பிறந்தது?

கேள்வி: கோல்ஃப் ஆடுபவர்களின் தோளில் தொங்கும் நீண்ட பை எப்போது தோன்றியது? அது மட்டைகளைச் சுமப்பதற்காக வந்ததா, காப்பதற்காக வந்ததா? (திருத்தணி வாசகர் ஒருவர்)

பதில்: ஸ்காட்லாந்தில் 15ஆம் நூற்றாண்டிலேயே கோல்ஃப் பரவியிருந்தது என்பதற்கு, வில்பயிற்சியைக் கெடுக்கிறது என்ற காரணத்தால் 1457இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அவ்வாட்டத்துக்கு விதித்த தடையே சான்றாக உள்ளது. அதற்குரிய பையோ 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் புழக்கத்துக்கு வந்தது. இடைப்பட்ட நானூறு ஆண்டுகளும் ஆட்டக்காரருக்குத் துணையாகச் சென்ற ஏவலர்கள் மட்டைகளைக் கட்டாகச் சேர்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டே நடந்தார்கள். லெமுவல் ஃபிரான்சிஸ் அபட் தீட்டிய ஓவியத்தைப் பார்த்து வாலன்டைன் கிரீன் 1790இல் அச்சுச் செதுக்கோவியமாக வெளியிட்ட ‘பிளாக்ஹீத் கோல்ஃபர்’ படத்தில், சிவப்பு மேலங்கி அணிந்த ஆட்டக்காரருக்குப் பின்னால் ஒரு முதியவர் மட்டைகளை அப்படித்தான் இடுக்கிக்கொண்டு நிற்கிறார். அவர் கிரீனிச்சில் இருந்த கடற்படை முதியோர் மருத்துவமனையின் உடையில் இருப்பதால் ஓய்வுபெற்ற மாலுமி என்பது தெரிகிறது. அந்த மூல ஓவியம் 1857 கிளர்ச்சியின்போது இந்தியாவில் அழிந்துபோனதாகச் சொல்லப்படுகிறது.

சுமப்பது மட்டுமே சிக்கலாக இருந்திருந்தால் பை இன்னும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வந்திருக்கும், ஏனெனில் துணியும் தோலும் தையலும் எப்போதும் இருந்தவையே. பையைத் தேவையாக்கியது மழை என்று கொள்வதே பொருத்தமாகத் தெரிகிறது. அக்காலத்து மட்டையின் தண்டு ஹிக்கரி என்ற அமெரிக்க மரத்தால் ஆனது. கையால் பற்றும் பகுதியில் தோல்வார் சுற்றப்பட்டிருக்கும். மரத்தலையும் தண்டும் சேரும் கழுத்தில் இரண்டையும் சாய்வாகச் சீவி, பசை தடவி ஒட்டி, மெழுகு பூசிய நூலால் நெருக்கமாக வரிந்து கட்டியிருப்பார்கள். ஈரம் பட்டால் தோல் வழுக்கும், மரம் உப்பிக் கோணும், பசை இளகும், நூல் தளரும். இந்த நான்கில் எது நேர்ந்தாலும் அடி குறி தவறும். இங்கிலாந்தின் டெவன் கடற்கரையில், சார்லஸ் கிங்ஸ்லியின் நாவலால் பெயர்பெற்ற வெஸ்ட்வர்ட் ஹோ என்ற ஊரில், 1864இல் தொடங்கப்பட்ட கோல்ஃப் கழகம் இன்றும் உள்ளது; கைப்பிடிகள் நனையாமலிருக்கப் பாய்மரக் கித்தானை, அதாவது கப்பல் பாய்க்கு உரிய முரட்டுத் துணியை, நீண்ட உறையாகத் தைத்துக் கொடுத்தவர் அங்கிருந்த ஒரு பழைய கடலோடி என்பது கோல்ஃப் வரலாற்றில் வழங்கிவரும் செய்தி. பாயில் கிழிசல் விழுந்தால் கப்பலே தடுமாறும் தொழிலில் கைபழகிய ஒருவருக்கு, எந்த இடத்தில் இரட்டைத் தையல் வேண்டும் என்பதை யாரும் கற்பித்திருக்க வேண்டியதில்லை.

அதையடுத்து 1890களில், ஆஸ்மண்ட் என்பவரின் காப்புரிமை பெற்ற மரச்சட்டம் ஒன்று விற்பனைக்கு வந்தது. கித்தான் குழலைத் தாங்கிய அச்சட்டம் தரையில் கால் ஊன்றித் தானே நிற்கும். தானே நிற்கும் பை 1980களில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பிறந்தது என்று விளம்பரங்களைப் படிப்பவர் எண்ணக்கூடும். அப்போது நிகழ்ந்தது, பையைச் சாய்த்தவுடன் கால்கள் விரிந்து தூக்கியவுடன் மடங்கும் எளிய விசை இலேசான நைலான் பையோடு சேர்ந்ததுதான். கருத்து அதைவிட ஏறத்தாழ நூறாண்டு மூத்தது.

பை வந்த பின் மட்டைகளின் எண்ணிக்கை பெருகியது, ஏனெனில் அக்குளுக்கு இருந்த எல்லை பைக்கு இல்லை. 1916இல் அமெரிக்க ஓப்பன் போட்டியில் வென்ற சிக் எவன்ஸ் ஏழே மட்டைகளோடு ஆடினார். 1930களின் நடுவில் லாசன் லிட்டில் முப்பதுக்கு நெருங்கிய மட்டைகளை எடுத்துச் சென்றார். சுமப்பவரின் நிலையும் ஆட்டத்திறன் குறைவதும் கவலையளித்ததால், அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1938இலும் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கழகம் அடுத்த ஆண்டிலும் பதினான்கு மட்டைகளுக்கு மேல் கூடாது என்று விதித்தன.

கேள்வி: மட்டை சுமப்பவரைக் ‘கேடி’ என்பது ஏன்?

பதில்: காவல் நிலையங்களிலிருந்து பேச்சு வழக்குக்கு வந்த ‘கேடி’ வேறு, இது வேறு. பிரெஞ்சு மொழியில் இளையவனைக் குறிக்கும் ‘கேடே’ என்ற சொல் ஸ்காட்லாந்துக்குச் சென்று, 18ஆம் நூற்றாண்டு எடின்பரோவில் கடிதமும் சுமையும் கொண்டுசெல்லும் எடுபிடி ஆட்களுக்குப் பெயராகி, பின்னர் கோல்ஃப் திடலுக்குள் நின்றுவிட்டது. 1913இல் அமெரிக்க ஓப்பனில் வென்று உலகை வியக்கவைத்த ஃபிரான்சிஸ் விமெட்டின் பையைச் சுமந்த எடி லோரிக்கு வயது பத்து. இந்தியாவிலும் இத்தொழிலிலிருந்து வீரர்கள் எழுந்திருக்கிறார்கள்: டெல்லித் திடலில் பை சுமந்த அலி ஷேர் 1991இலும் 1993இலும், பெங்களூரில் பை சுமந்த சின்னசுவாமி முனியப்பா 2009இலும் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்றார்கள். பையின் வரலாற்றை எழுதும்போது அதைத் தைத்தவரையும் வாங்கியவரையும் சொல்லிச் சுமந்தவரை விட்டுவிடுவது முறையாகாது.

கேள்வி: மட்டைகள் கெடாமல், பையும் நெடுநாள் உழைக்க வேண்டுமானால் அதை எப்படி வடிவமைக்க வேண்டும்?

பதில்: முதலில் எதிரி யார் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1924இலும் பிரிட்டனில் 1929இலும் எஃகுத் தண்டுக்கு ஒப்புதல் கிடைத்ததாலும், 1970களின் தொடக்கத்தில் கரிம இழைத் தண்டு வந்ததாலும், ஈரத்தின் இடத்தை உராய்வு பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. கரிம இழைத் தண்டு என்பது தலைமுடியைவிட மெல்லிய இழைகளைப் பிசினில் தோய்த்துக் குழலாகச் சுற்றி இறுக்கியது. அதன் மேற்பூச்சு தேய்ந்து இழைகள் அறுபடத் தொடங்கினால் தண்டு அந்த இடத்தில் வலுவிழந்து, ஒருநாள் அடிக்கும்போதே முறியக்கூடும். நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் பதினான்கு தண்டுகளும் பையின் வாய் விளிம்பில் உரசிக்கொண்டே வருவதால், தேய்மானம் எப்போதும் ஒரே உயரத்தில், ஒரே வட்டத்தில் விழும். ஆகவே வாய் வளையத்துக்கு மென்மையான உட்பட்டையும், மட்டைகளைத் தனித்தனியே பிரிக்கும் தடுப்புகளும் வேண்டும். அத்தடுப்புகள் வாயோடு நின்றுவிடாமல் அடிவரை நீள வேண்டும். இல்லையேல் ரப்பர் கைப்பிடிகள் கீழே ஒன்றோடொன்று சிக்கி, ஒரு மட்டையை உருவும்போது மற்றொன்றையும் இழுத்துத் தண்டில் கீறல் போடும்.

உடல் துணியைப் பற்றிப் பேசும்போது ‘டெனியர்’ என்ற அளவு அடிக்கடி வரும். 9,000 மீட்டர் நீளமுள்ள நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அத்தனை டெனியர் என்பது கணக்கு. எண் கூடக்கூட நூல் பருமனாகும் என்பது உண்மைதான். ஆனால் பை துணியின் நடுவில் கிழிவது அரிது, கிழிவது தையலில். வார் பையோடு சேரும் இடம், கைப்பிடியின் இரு முனைகள், கால்களைத் தாங்கும் மேற்பட்டை ஆகிய மூன்றிடங்களில் எடை முழுவதும் சில அங்குலத் தையலில் வந்து தொங்குவதால், அங்கே துணிக்கு உட்புறம் மற்றொரு பட்டை வைத்து, ஊசியை முன்னும் பின்னும் நெருக்கமாக ஓட்டி முடிச்சுத் தையல் போட வேண்டும். நூலைப் பற்றியும் ஒரு சொல்: நைலான் இழுவிசையைத் தாங்கும், ஆனால் வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் அதை நாளடைவில் நொய்யச் செய்யும்; பாலியெஸ்டர் வெயிலை மேலாகத் தாங்கும். வட தமிழ்நாட்டின் கோடையில் ஆறேழு கிலோமீட்டர் வெட்டவெளியில் நடக்கும் பைக்கு வெளித்தையல் பாலியெஸ்டர் நூலால் அமைவது நல்லது.

அடிப்பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. பையைக் கீழே வைக்கும் ஒவ்வொரு முறையும் மண்ணில் அரைபடுவது அதுவே என்பதால், வார்த்தெடுத்த ரப்பரோ கெட்டியான பிளாஸ்டிக்கோ அங்கே தேவை. உள்ளே புகுந்த நீர் வெளியேறச் சிறு துளையும் விட வேண்டும். சென்னை நந்தனத்தில் காஸ்மாபாலிட்டன் கழகத் திடலில் ஐப்பசி மழையில் நனைந்த பையை அப்படியே மூடிவைத்தால், இரும்புத் தலையில் துருவும் உறையில் பூஞ்சையும் ஏறும்; துளையும் காற்றோட்டமும் இல்லாத ‘நீர்புகாப் பை’ வந்த நீரைப் போகவிடாத பையாகவும் ஆகிவிடுகிறது. கொடைக்கானலில் 1895இல் தொடங்கிய கழகத்தின் திடலைப் போன்ற மலைத் திடல்களில் பனியும் சாரலும் சேர்வதால், மேல்மூடியும் உலர்த்தும் வழக்கமும் இன்னும் முக்கியமாகின்றன.

தோல் பையைப் பற்றித் திருத்தணிப் பகுதியில் இருப்பவர் கேட்பது இயல்பே; தென்மேற்கே சோளிங்கரைத் தாண்டிச் சென்றால் ராணிப்பேட்டை, அதற்கும் அப்பால் ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் ஊர்கள் வரிசையாக உள்ளன. ஆவாரம்பட்டையின் துவர்ப்பால் பதனிட்டுக் கடுக்காயால் முடிக்கும் பழைய முறைத் தோல் ‘ஈஸ்ட் இந்தியா தோல்’ என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்றது. அது வெட்டுவதற்கும் வடிவம் கொடுப்பதற்கும் மிக ஏற்றது. எனினும் திரும்பத் திரும்ப நனைந்து காய்ந்தால் விறைத்துவிடும், முழுப் பைக்கும் பயன்படுத்தினால் எடையும் கூடும். எனவே கைப்பிடி, வாய் விளிம்பு, வாரின் முனை ஆகிய உராயும் இடங்களுக்குத் தோலும், உடலுக்கு இழைத்துணியும் என்று பிரித்து வைப்பதே அறிவுடைமை.

விமானப் பயணத்துக்கு வேறு கணக்கு உண்டு. அங்கே மட்டை முறிவது பெரும்பாலும் தலையும் தண்டும் சேரும் கழுத்தில். மிக நீண்ட மட்டையைவிடச் சற்று உயரமான உறுதியான கம்பு ஒன்றைப் பைக்குள் நட்டு வைத்தால், பை தலைகீழாக விழும்போது அடியை அந்தக் கம்பு வாங்கிக்கொள்ளும். ஐம்பது ரூபாய் மூங்கில் கழியும் இதற்குப் போதும்.

கேள்வி: காவடிக்கும் இத்தகைய பைக்கும் உறவு உண்டா?

பதில்: வரலாற்று உறவு இல்லை, ஆனால் சிக்கல் ஒன்றே, தமிழ்நாட்டில் அதற்குக் கண்ட விடையும் மிகப் பழையது. தோளில் வைத்து இருமுனையிலும் சுமை தொங்கவிடும் தண்டுக்குப் பழந்தமிழில் ‘கா’ என்று பெயர். ‘காவுதல்’ என்றால் தோளில் சுமத்தல். காவடி இக்குடும்பத்துச் சொல். தொல்காப்பியம் கா என்பதை ஒரு நிறையின் பெயராகவும் சொல்வதால், ஒரு மனிதர் தோளில் தூக்கும் சுமையே அளவையாகவும் ஆயிற்று என்று கருத இடமுண்டு. கூத்தரும் பாணரும் தம் இசைக்கருவிகளை வைத்துக் கட்டிய பைக்குக் ‘கலப்பை’ என்று பெயர். உழும் கலப்பையோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கலம் என்ற கருவியும் பையும் சேர்ந்தது அச்சொல். புறநானூற்றின் 206ஆம் பாட்டில் அதியமானின் வாயிலில் காத்து நின்று மனம் கசந்த ஔவையார், கருவிகளைத் தோளில் ஏற்றிக் கலப்பையையும் கட்டிவிட்டோம் என்று புறப்படும் பொருளில் பேசுகிறார். மலைபடுகடாம் இன்னும் நுட்பமாகச் செல்கிறது. செங்கத்தை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர், முழவு, ஆகுளி, தூம்பு, குழல், எல்லரி, பதலை முதலிய கருவிகளைப் பைகளில் இறுக்கி, இருபுறமும் எடை ஒத்திருக்குமாறு காவில் தொங்கவிட்டு மலைவழி ஏறுகிறார்கள். பலாமரத்தில் குலையாகத் தொங்கும் காய்கள் அதற்கு உவமை.

இங்கே கோல்ஃப் பைக்கு நேரான பாடம் இருக்கிறது. பதினான்கு மட்டைகளும் பையும் சேர்ந்து எட்டுக் கிலோ அளவில் வரும். ஒற்றை வாரில் தொங்கும் அப்பை ஒரு தோளைக் கீழே இழுக்க, சுமப்பவர் எதிர்ப்புறம் சாய்ந்து முதுகெலும்பை வளைத்தே நடக்க வேண்டியிருந்தது. இரு தோளிலும் எடையைப் பகிரும் இரட்டை வார் 1990களின் தொடக்கத்தில்தான் பரவியது. இருபுறமும் நிறை ஒத்த காவில் ஒரு தோள் மட்டுமே அழுந்தினாலும் உடல் பக்கவாட்டில் சாய்வதில்லை. தோள் வலித்தால் நடையை நிறுத்தாமலே மறுதோளுக்கு மாற்றிக்கொள்ளவும் முடியும். ஆடிக் கிருத்திகையில் திருத்தணியின் 365 படிகளிலும் பூக்காவடி ஏறும்போது, தண்டின் கீழே மடித்த துண்டை வைத்துக்கொண்டு, வளைவுகளில் இரு முனைகளும் ஒரே உயரத்தில் இருக்கும்படி தோளை மெல்லத் திருப்பிச் செல்பவர்களைக் கூர்ந்து பார்த்தால், வாருக்கு எங்கே மெத்தை வேண்டும், எடை எங்கே நிற்க வேண்டும் என்பவற்றைப் பை வடிவமைப்பவர் நேரில் அளந்துகொள்ளலாம்.