தகர டப்பாவில் கற்களா?

“தகர டப்பாவில் கற்களைப் போட்டு ஆட்டுவதுபோல் இருக்கிறது உங்கள் மொழி!”

முதலாம் படிவத்தில் சக மாணவன் ஒருவன் சொன்னது இது. ஜாசின் பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்கு வந்திருந்த எனக்குச் சுருக்கென்று தைத்தது. அதற்குப் பிறகு பேருந்தில் அம்மாவோடு வரும்போதுகூடக் குரலைத் தாழ்த்தியே பேசினேன்.

பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் மொழியை விருப்பப் பாடமாக எடுத்தேன். தொடக்கத்திலேயே ‘ஷ்ட்ரும்ப்ஃப்’ என்றொரு சொல் வந்தது. காலுறை என்று பொருள். ஓர் உயிரெழுத்தைச் சுற்றி ஆறு மெய்கள்! தும்மல் மாதிரி இருக்கிறதே என்று சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் அந்தத் தகர டப்பா நினைவுக்கு வந்தது. இம்முறை டப்பாவை ஆட்டியவன் நானல்லவா?

மொழிகள் ஏன் அப்படிக் கேட்கின்றன? நமக்குப் பழகாத ஒலியைத்தான் காது முதலில் பிடித்துக்கொள்கிறது. தமிழில் தனி மெய் சொல்லுக்கு முதலில் வராது. அதனால் ஜெர்மானிய மெய்க்கூட்டம் நமக்குக் கரடுமுரடாகப் படுகிறது. பொது மலாயில் நாவை மடித்து ஒலிக்கும் ண, ள, ழ இல்லை. இரட்டித்த மெய்யும் இல்லை. ‘தட்டு, முட்டு, கொட்டு’ என்று நாம் பேசினால் அவர்களுக்குக் கல் உருள்கிறது. நம் கப்பலும் கட்டிலும் மலாய்க்குப் போனபோது, இரட்டை மெய் ஒற்றையாகிவிட்டதைப் பாருங்கள்.

பொருள் புரியத் தொடங்கியதும் அந்த ஓசை அடங்கிவிட்டது. சிறுமியைக் குறிக்கும் ‘மேட்ஷென்’ என்ற ஜெர்மன் சொல் பெண்பால் இல்லையாம். ஆண், பெண் இரண்டும் அல்லாத மூன்றாம் பாலாம். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாமும் ‘குழந்தை அழுகிறது’ என்றுதானே சொல்கிறோம்? அடுத்து, காரணம் சொல்லும் துணை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போனது. ஆங்கிலத்திலும் மலாயிலும் யோசித்தவர்கள் தடுமாறினார்கள். நான் தமிழில் யோசித்தேன், சரியாக வந்தது.

இதே பாதையில் எதிர்த்திசையிலிருந்து வந்தவர் சீகன்பால்கு. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய இந்த ஜெர்மானியர், பள்ளிச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் எழுதித் தமிழ் படித்தார். இலத்தீனில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சேறியது. அவர் காதிலும் தமிழ் முதலில் வெறும் ஓசையாகத்தான் விழுந்திருக்கும்.

தோட்டங்களிலிருந்து வரும் தம்பி தங்கைகளே, கற்காதவருக்குத்தான் மொழி கல்லாகக் கேட்கும். யாரேனும் சிரித்தால் குரலைத் தாழ்த்தாதீர்கள். நாலு சொல் கற்றுக்கொடுங்கள். இப்போதெல்லாம் பேருந்தில் அம்மா அழைத்தால், நான் வழக்கமான குரலில்தான் பேசுகிறேன்.