பி.ஏ. வரலாறு: டெல்லியா, சென்னையா?

கேள்வி: பிளஸ் டூ முடித்த மகள், பி.ஏ. வரலாறுதான் படிப்பேன் என்கிறாள். எங்கே சேர்க்கலாம்?

பதில்: வரலாறு என்றதும் பலர் ஜே.என்.யு.வைச் சொல்வார்கள். அங்கே வரலாற்றில் எம்.ஏ. முதல்தான் உண்டு, பி.ஏ. கிடையாது. டெல்லிதான் வேண்டுமென்றால் டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளைப் பார்க்க வேண்டும். 2022 முதல் அதற்கு பிளஸ் டூ மார்க் மட்டும் போதாது, க்யூட் நுழைவுத் தேர்வும் எழுத வேண்டும். விடுதியில் இடம் கிடைப்பது கடினம். வெளியே தங்கும் செலவையும் இப்போதே கணக்குப் போட்டுவிடுவது நல்லது.

சென்னையை இரண்டாம் பட்சமாக நினைக்கவே வேண்டாம். மாநிலக் கல்லூரியோ தாம்பரம் கிறித்தவக் கல்லூரியோ, எதில் சேர்ந்தாலும் எழும்பூர் எட்டும் தூரம்தான். அங்குள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையெழுத்துப் பதிவேடுகள் 1670 முதல் இருக்கின்றன. பாந்தியன் சாலை அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களையும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளையும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். பழைய தமிழ் இதழ்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். வரலாற்று மாணவிக்கு இதைவிட என்ன வேண்டும்!

விண்ணப்பிக்கும் முன் மகளோடு கல்லூரிக்கு நேரில் போய், மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் ஒன்று கேட்கலாம்: கல்வெட்டுப் படிக்கவோ காப்பகத்துக்கோ எப்போதாவது அழைத்துப் போனார்களா? நோட்ஸ் மட்டும்தான் என்று பதில் வந்தால், அடுத்த கல்லூரியைப் பார்க்கலாம்.