முன்பக்க ‘டக்’ சத்தம்: காரணம் எங்கே?

ரயில் பெட்டியின் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, ஓசையைக் கொண்டே பழுதறிவது ரயில்வேயின் பழைய வழக்கம். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் கண்டது மந்தமாக ஒலிக்கும். மோட்டார் சைக்கிளுக்கும் அதே பாடந்தான். ஓசை பிறக்கும் இடத்தைக் கண்டறிந்த பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

கார்வேட்டிநகரத்திலிருந்து தினமும் புத்தூர் போய்வரும் என் மருமகனின் வண்டி, பள்ளத்தில் இறங்கினாலும் முன் பிரேக் பிடித்தாலும் ‘டக்’ என்று தட்டியது. ஒரு பட்டறையில் ஃபோர்க் ஆயிலையும் ஆயில் சீலையும் மாற்றினார்கள். பணம் போயிற்று, சத்தம் போகவில்லை. பிறகு வீட்டு வாசலில் நாங்களே பார்த்தோம்.

முதலில் ஹெட்லைட், மட்கார்டு, ஹாரன் ஆகியவற்றைக் கையால் அசைத்துப் பாருங்கள். தளர்ந்த போல்ட் ஒன்றே காரணமாக இருக்கலாம். அடுத்து, சென்டர் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்துங்கள். வண்டி சாயாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

1. ஃபோர்க்கின் கீழ்முனைகளைப் பிடித்து முன்னும் பின்னும் அசைக்கவும். ஹேண்டில் கழுத்தில் ஆட்டம் தெரிந்தால் கோன் செட் தளர்ந்திருக்கிறது.

2. டயரின் இருபுறமும் பிடித்துப் பக்கவாட்டில் அசைக்கவும். ஃபோர்க் அசையாமல் சக்கரம் மட்டும் ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது.

3. வண்டியை இறக்கி, முன்பக்கத்தை அழுத்தி விடவும். ஃபோர்க்கின் உள்ளே தட்டினால் ஆயில் குறைவாக இருக்கலாம், அல்லது புஷ் தேய்ந்திருக்கலாம்.

எங்கள் வண்டியில் கோன் செட்தான். மேல் நட்டைத் தளர்த்தி (சில வண்டிகளில் பக்கத்துப் போல்ட்டுகளையும் தளர்த்த வேண்டும்), அதன் அடியிலுள்ள வளைய நட்டை சி-ஸ்பேனரால் சிறிது சிறிதாக, ஆட்டம் நிற்கும்வரை மட்டும் முறுக்கினோம். அதிகம் முறுக்கினால் ஹேண்டில் இறுகி, மெதுவாகப் போகும்போது வண்டி தள்ளாடும். மேல் நட்டை இறுக்கிய பின் மறுபடி சோதிப்பது அவசியம். அந்த இறுக்கத்தில் அளவு மாறிவிடும்.

ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் ‘கடக்’கென்று சிக்கினால், குண்டுகள் ரேஸில் குழி பறித்துவிட்டன என்று பொருள். அதை முறுக்கிப் பயனில்லை. செட் முழுவதையும் மாற்ற வேண்டும்.

வேலை முடிந்ததும் மருமகன் தனியாகத் தெருவில் மெதுவாக ஓட்டிப் பார்த்தார். சத்தம் இல்லை. அதன் பிறகே பேத்தியைப் பின்னால் ஏற்ற அனுமதித்தேன். கழுத்து தளர்ந்த வண்டி பிரேக் பிடிக்கும்போது சொன்ன பேச்சைக் கேட்காது. வீட்டில் செய்ய இயலாதவர்கள் சோதனையையாவது செய்துவிட்டுப் பட்டறைக்குப் போகலாம். “சத்தம் வருகிறது” என்பதைவிட “கழுத்தில் ஆட்டம் இருக்கிறது” என்று சொன்னால் பணமும் நேரமும் மிச்சம்.