ஆப்பம் கப்பலில் வந்ததல்ல

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வருகிறவர்களுக்குக் கல்வெட்டு படித்துக் காட்டுவதைப் பல வருடங்களாகச் செய்து வருகிறேன். நந்தியைப் பற்றிக் கேட்பார்கள், விமானத்தின் உயரத்தைக் கேட்பார்கள். இப்போது புதிதாக ஒன்று கேட்கிறார்கள்: "சார், ஆப்பம் யூதர்கள் கொண்டு வந்ததாமே?" ஒரே மாதத்தில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மூன்றாமவர் ஜெயங்கொண்டத்துக்காரர். கையில் போன், போனில் வாட்ஸ்அப் செய்தி. "பைபிள்லயே அப்பம்னு இருக்கே சார், அப்புறம் என்ன ஆதாரம் வேணும்?" என்றார்.

அந்த ஆதாரத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழ் விவிலியத்தில் அப்பம் இருப்பது உண்மை. ஆனால் பழைய ஏற்பாட்டின் எபிரேய மூலத்தில் இருக்கும் சொல் லெஹெம். ரொட்டி, உணவு என்று பொருள். பெத்லகேம் என்ற ஊர்ப்பெயரில் ஒட்டியிருப்பதும் இந்தச் சொல்தான். பெசாக் பண்டிகையில் யூதர்கள் உண்ணும் புளிக்காத ரொட்டிக்குப் பெயர் மட்சா. விவிலியத்தைத் தமிழாக்கியவர்கள் இதற்கெல்லாம் நம்மிடம் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த 'அப்பம்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டார்கள். புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறியது இங்கிருந்து அதிக தூரமில்லாத தரங்கம்பாடியில், 1715-இல். சொல் முன்பே இருந்தால்தானே மொழிபெயர்ப்பவர் அதை எடுக்க முடியும்? ஆக, அந்த ஆதாரம் வதந்தியைத் தாங்கவில்லை, கவிழ்க்கிறது.

பண்டம் எவ்வளவு பழையது? சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையில் அப்பம் சுடுகிறவர்களுக்குக் கூவியர் என்று தனிப்பெயரே உண்டு. கரிய சட்டியில், பாகு சேர்த்து அவர்கள் சுட்டதை அது சொல்கிறது. மதுரைக்காஞ்சி காட்டும் நள்ளிரவு மதுரையில், பண்டம் விற்றுக் களைத்த கூவியர் உட்கார்ந்தபடியே தூங்குகிறார்கள். அவர்கள் முன்னால் இருக்கும் மெல்லடையைப் புலவர் தேனடைக்கு ஒப்பிடுகிறார். ஓரம் முறுகிய இன்றைய ஆப்பம் அதுதான் என்று நான் சாதிக்கவில்லை. பாகில் பிடித்த அப்பம் வேறு, புளித்த மாவில் ஊற்றும் ஆப்பம் வேறு. ஆனால் அரிசி மாவும் சட்டியும் சுடுகிற கையும் இந்த மண்ணில் என்றைக்கோ இருந்திருக்கின்றன. சோழர் கல்வெட்டுகளின் படையல் பட்டியல்களிலும் அப்ப அமுது வருகிறது.

இனி கொச்சி யூதர்களின் செப்பேட்டைப் பாருங்கள். சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன் கி.பி. 1000 வாக்கில் யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்குக் கொடுத்தது அது. அப்போது தஞ்சையில் ராஜராஜன் ஆண்டுகொண்டிருந்தான். நம் ஊர்க் கோயில் எழ இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. வட்டெழுத்தில் பொறித்த அந்தச் செப்பேடு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையையும் 72 உரிமைகளையும் ரப்பானுக்கு வழங்குகிறது. பகல்விளக்கு, நடைபாவாடை, குடை, பறை, தோரணம் என்று பெயர் சொல்லியே தருகிறது. அதில் ஆப்பம் எங்கே? மாவு எங்கே? அந்த வாட்ஸ்அப் செய்தியை முன்னூறு பேருக்கு அனுப்புகிறவர்கள் ஒருமுறையாவது இதைப் படித்துப் பார்த்திருக்க வேண்டாமா?

"ஏமன் யூதர்களிடம் லஹோஹ் இருக்கிறதே, ஒரு பக்கம் மட்டும் வேகிற புளித்த அடை" என்று ஒருவர் வாதாடினார். இருக்கிறது. அது கோதுமையிலோ சோளத்திலோ செய்வது. எத்தியோப்பியர் டெஃப் தானியத்தில் சுடும் இஞ்சேராவும் அந்த மாதிரிதான். மாவைப் புளிக்கவிடப் பல மக்கள் தாங்களாகவே கற்றிருக்கிறார்கள். யூதர்கள்தான் ஆப்பத்தைக் கொண்டு வந்தார்கள் என்றால், கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேலிய யூதர்களும் கல்கத்தாவின் பாக்தாத் யூதர்களும் அதையே தங்கள் அடையாளப் பண்டமாக வைத்திருக்க வேண்டும். இல்லையே! கேரளத்து யூதர் வீட்டில்தான் ஆப்பம் இருந்தது. பக்கத்துக் கிறிஸ்தவர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் நம்மவர் வீட்டிலும் இருந்தது. எது ஊர்ப் பண்டம், எது வந்த பண்டம் என்று இதற்கு மேல் எப்படிச் சொல்வது?

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் தெரிகிறது. பெரிய வியாழனன்று கேரளத்து சிரியன் கிறிஸ்தவர் வீடுகளில் பெசஹா அப்பம் செய்வார்கள். அரிசியும் உளுந்தும் அரைத்து, புளிக்க விடாமல் ஆவியில் வேகவைத்து, மேலே குருத்தோலையால் சிலுவை வைப்பார்கள். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துக் காய்ச்சிய பெசஹா பால். பெசஹா என்ற பெயர் பெசாக் பண்டிகையிலிருந்து வந்ததுதான். பெயர் வந்தது, புளிப்பு கூடாது என்ற விதி வந்தது. அரிசியும் உளுந்தும் தேங்காயும் இங்கேயே இருந்தவை.

யூதர் பண்டிகைச் சமையலின் பெருமையும் இதுதான். போன ஊரின் பொருளை எடுத்துக்கொண்டு, தங்கள் விதியை விடாமல் சமைத்தார்கள். இறைச்சியோடு பால் சேரக்கூடாது என்பது அவர்கள் சட்டம். கொச்சி யூதர் வீட்டுக் கறிக்குழம்பில் பாலும் தயிரும் வராது. அந்த இடத்தைத் தேங்காய்ப்பால் நிரப்பியது. பெனே இஸ்ரேலியர் எலியா தீர்க்கதரிசியின் பேரில் படைக்கும் மலிதாவில் அவலும் தேங்காயும் சர்க்கரையும் பழமும் இருக்கும். நம் கிருஷ்ண ஜெயந்தி அவலுக்குப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது.

மற்ற வதந்திகளைச் சுருக்கமாக முடித்துவிடலாம்.

கோஷர் (யூத உணவு விதிக்கு உட்பட்டது) என்றால் சைவம்: தவறு. ஆடு, மாடு, கோழி உண்டு. செதிலும் துடுப்பும் உள்ள மீன் உண்டு. கெளுத்தி, இறால், நண்டு, பன்றி கிடையாது.

யூத மதகுருவான ரப்பி மந்திரம் ஓதினால் கோஷர் ஆகிவிடும்: ஆகாது. பொருள், பாத்திரம், அறுக்கும் முறை ஆகியவற்றின் மீது வைக்கும் கண்காணிப்புதான் கோஷர்.

பெசாக்கில் அரிசி ஆகாது: அது அஷ்கெனாசி எனப்படும் ஐரோப்பிய யூதரின் வழக்கம். விலக்கு கோதுமை, பார்லி உள்ளிட்ட ஐந்து தானியங்களின் புளிப்புக்குத்தான். மட்சாவுக்கு மாவில் தண்ணீர் பட்ட 18 நிமிடத்துக்குள் அடுப்பேற்றுவார்கள். கொச்சி யூதர் அரிசியைக் கல், தூசி, வேறு தானியம் இல்லாமல் பொறுக்கிச் சேர்த்துப் பண்டிகையில் உண்டார்கள். அமெரிக்காவின் கன்சர்வேட்டிவ் யூதப் பிரிவும் 2015-இல் அரிசிக்கு அனுமதி தந்துவிட்டது.

ஹனுக்கா பண்டிகையின் உருளைக்கிழங்கு அடையான லட்கே ஆதிகாலத்துப் பண்டம்: உருளைக்கிழங்கே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அப்படிப் பார்த்தால் ராஜேந்திர சோழன் அடுக்களையிலும் மிளகாய் இல்லை, தக்காளி இல்லை. மிளகுதான் இருந்தது. 'பாரம்பரிய சோழர் விருந்து' என்று மிளகாய் வற்றல் குழம்பு ஊற்றுகிறவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

கடைசியாக ஆப்பத்துக்காகவே ஒரு வார்த்தை. பச்சரிசியை ஊறவைத்து, ஒரு பிடி உளுந்தும் சிட்டிகை வெந்தயமும் கைப்பிடிச் சோறும் சேர்த்து அரைத்து, ராத்திரி முழுக்க மூடி வையுங்கள். காலையில் மாவு பொங்கி மூடியைத் தொடும். சட்டியின் இரண்டு காதையும் பிடித்து ஒரு சுற்று சுற்றினால் ஓரம் வலையாகப் படியும், நடு தானே உப்பும். மாவு சீக்கிரம் பொங்க வேண்டுமென்றால் முதல் நாளே தேங்காய்த் தண்ணீரில் சர்க்கரை போட்டுப் புளிக்க வைத்துச் சேருங்கள். சோடா உப்பு வேண்டவே வேண்டாம். கடைகளில் சோடாவைக் கொட்டி ஊற்றுவதை ஆப்பம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்கு இங்கே ஆயிரக்கணக்கில் வருகிறீர்கள். 13 அடி லிங்கத்தைச் சோறு மூடுவதைப் பார்த்துக் கும்பிடுகிறீர்கள். கூடவே கால் மணி நேரம் ஒதுக்கி, பிள்ளைகளை வீரராஜேந்திரன் கல்வெட்டுக்கு அழைத்துப் போங்கள். எந்த ஊர் இந்தக் கோயிலுக்கு எவ்வளவு நெல் அளக்க வேண்டும் என்று அதில் கணக்கு இருக்கிறது. நம் சோற்றின் வரலாறு அந்தக் கல்லில் எழுதியிருக்கிறது. போனில் வந்ததை அடுத்தவருக்குத் தள்ளுவதற்கு முன்னால் அதைப் படியுங்கள்.