முதலில் கை, பிறகு மனசு

எங்கள் ஊர் திருவண்ணாமலை. கிரிவல ஊர் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் நிற்கும் ஊர். புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றுகூட விடாமல் படியேறியவர் அப்பா. பக்கவாதம் வந்து வலது கை, காலோடு பேச்சும் போனது. உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்தவர், மூன்றாவது மாதம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். சாப்பாடு குறைந்தது. விடியுமுன்பே விழித்துக் கிடந்தார். பிசியோதெரபிக்கு ஆள் வந்தால் கண்ணை மூடிக்கொண்டார்.

"மனசு ஒடிஞ்சு போச்சு, நாளானாச் சரியாயிடும்" என்று விட்டுவிட்டோம். அது பெரிய தவறு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. மூளையில் பட்ட பாதிப்பும் காரணம், இழந்ததை நினைக்கும் துயரமும் காரணம். கவனிக்காவிட்டால் கை கால் தேறுவதும் தள்ளிப்போகும். மருத்துவர் சொன்ன மருந்தில்லா வழிகளில் எங்களுக்குக் கைகொடுத்தவை இவை.

வேலையைத் திருப்பிக் கொடுங்கள். பாசத்தில் அப்பாவின் வேலை எல்லாவற்றையும் நாங்களே பிடுங்கிக்கொண்டிருந்தோம். மனசு தெளிந்தால் எழுந்து செய்வார் என்று காத்திருந்தோம். மனநல ஆலோசகர் ஒருவர் அதை மாற்றிச் சொன்னார்: முதலில் சின்ன வேலை, மனசு பின்னால் வரும். ஒருநாள் அம்மா முருங்கைக்கீரையைத் தட்டோடு மடியில் வைத்து, "உருவித் தாங்க, குழம்புக்கு நேரமாச்சு" என்றார். அப்பா செயலிழந்த வலது கையைக் காம்பின் மேல் பாரமாக வைத்து, இடது கையால் உருவினார். முக்கால் மணி நேரம் ஆனது. யாரும் கை நீட்டவில்லை. அன்று இரவு இரண்டாவது தோசை கேட்டு விரலைக் காட்டினார். மறுநாளிலிருந்து தினம் ஒரு வேலை, அதே நேரத்தில்.

பாட்டு கேட்கவிடுங்கள். பக்கவாதம் வந்த புதிதில் தினமும் ஒரு மணி நேரமாவது தங்களுக்குப் பிடித்த இசையைக் கேட்டவர்களுக்குச் சோர்வு குறைந்தது, ஞாபகமும் கவனமும் கூடின என்று பின்லாந்தில் நடந்த ஆய்வு ஒன்று 2008இல் வெளியானது. பிடித்ததை அவரே தேர்ந்தெடுக்க வேண்டும். அப்பாவுக்குத் திருப்பாவை. 'தண்ணி' என்று சொல்ல வராத வாயில், மார்கழிக் காலையில் பாசுரத்தின் சொற்கள் ராகத்தோடு வந்தன. பேச்சு போனவர்கள் சிலருக்குப் பாட்டு மிஞ்சியிருக்கும். பாட்டுக்கு மூளையின் வலப்பக்கமும் துணை நிற்கிறது.

ஆட்களை வரவிடுங்கள். ஆனால் "பாவம்" என்று உச்சுக் கொட்டுபவர்களை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். வாரம் இருமுறை வந்து பக்கத்தில் உட்கார்ந்து தாயம் ஆடும் பழைய கூட்டாளி ஒருவர் போதும்.

உடற்பயிற்சியை விடாதீர்கள். அது மனசுக்கும் மருந்து. வெளியே போக முடியாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி கிடைக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இவையெல்லாம் மாத்திரைக்கு மாற்று அல்ல. மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள். செத்துப்போகலாம் என்று பேச்சிலோ சைகையிலோ காட்டினால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். 'டெலி மானஸ்' 14416 இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். கவனித்துக்கொள்பவர்களும் பேசலாம், நானும் பேசி அழுதிருக்கிறேன்.

இந்தப் புரட்டாசியில் அப்பா படியேறவில்லை. அடிவாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எங்கள் அத்தனை பேர் செருப்புக்கும் காவல் அவர்தான். இறங்கி வந்ததும் இடது கை விரலால் ஒவ்வொரு ஜோடியாக எண்ணிக் காட்டினார்.