82 வயதில் மேடையேறிய ஆசிரியை

1963-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். நியூயார்க் பில்ஹார்மானிக் வாத்தியக் குழு மேடையில் ஆயத்தமாக இருக்கிறது. குழுவை நடத்துபவர் லெனார்டு பெர்ன்ஸ்டைன். மூதாட்டி ஒருவர் மெல்ல வந்து பியானோவின் முன் அமர்கிறார். வாசிக்கவிருப்பது ஷோப்பான் இயற்றிய ஈ மைனர் கான்செர்டோ. பியானோவும் பெரிய வாத்தியக் குழுவும் சேர்ந்து ஏறக்குறைய 40 நிமிடம் இசைக்கும் கடினமான படைப்பு. மூதாட்டிக்கு வயது 82. பெயர் ரோசினா லெவின். வாழ்நாளில் பெரும்பகுதியைப் பிறருக்குக் கற்பிப்பதில் செலவிட்ட இந்த ஆசிரியை, இத்தனை வயதில் மேடைக்கு வந்தது எப்படி என்று பார்ப்போம்.

ரோசினா 1880 மார்ச் 29-ஆம் நாள் கீவ் நகரில் பிறந்தார். மாஸ்கோ இசைக் கல்லூரியில் வாசிலி சபோனோவ் என்ற பேராசிரியரிடம் பியானோ பயின்று, 1898-ல் தங்கப் பதக்கம் பெற்றுத் தேறினார். அப்போது அவருக்கு வயது 18. அதே ஆண்டில், அதே கல்லூரியில் அவருக்கு முன்பே தங்கப் பதக்கம் பெற்றிருந்த ஜோசப் லெவினை மணந்தார்.

ஒரே வீட்டில் இரு பியானோக் கலைஞர்கள்! கணவருக்குப் போட்டியாக நிற்கக்கூடாது என்று எண்ணிய ரோசினா, தனிக் கலைஞராகப் புகழ் தேடும் ஆசையை ஒதுக்கி வைத்தார். கணவரோடு இரு பியானோக் கச்சேரிகளில் வாசித்தார், மாணவர்களுக்குக் கற்பித்தார்.

துன்பமும் வந்தது. 1914-ல் முதல் உலகப் போர் மூண்டபோது அவர்கள் பெர்லின் அருகே வாழ்ந்தனர். ரஷ்யக் குடிமக்கள் என்பதால் பகை நாட்டவராகக் கருதப்பட்டு, போர் முடியும்வரை வெளியேற இயலாமல் தவித்தனர். ரஷ்யப் புரட்சியில் சேமிப்பும் போயிற்று. 1919-ல் நியூயார்க் வந்து வாழ்க்கையைப் புதிதாகத் தொடங்கினர். 1924 முதல் ஜூலியார்டு இசைப் பள்ளியில் கற்பித்தனர்.

1944 டிசம்பர் 2-ஆம் நாள் ஜோசப் காலமானார். ரோசினாவுக்கு அப்போது வயது 64. பலர் ஓய்வை நாடும் வயது அது. ஆனால் கணவரின் வகுப்பை நடத்துமாறு பள்ளி கேட்டபோது அவர் அப்பொறுப்பை ஏற்றார்.

1951-ல் அவரிடம் வந்து சேர்ந்த 17 வயது இளைஞர் வான் கிளைபர்ன். அதுவரை அவருக்கு வீட்டிலேயே பியானோ கற்பித்தவர் அவருடைய தாயார். அமெரிக்காவும் சோவியத் நாடும் பகைமை பாராட்டிய காலத்தில், 1958-ல் மாஸ்கோவில் நடந்த முதலாவது சைக்கோவ்ஸ்கி போட்டியில் கிளைபர்ன் முதற் பரிசு வென்றார். 60 ஆண்டுகளுக்கு முன் ஆசிரியை தங்கப் பதக்கம் பெற்ற அதே நகரில், அவர் மாணவருக்கும் வெற்றி கிட்டியது! 1970-ல் வார்சாவின் ஷோப்பான் போட்டியில் வென்ற கேரிக் ஓல்சனும் ரோசினாவின் மாணவரே.

மாணவர்களை மேடையேற்றிய ரோசினா, 75 வயதுக்குப் பின் தாமும் வாத்தியக் குழுக்களோடு கான்செர்டோக்களை வாசிக்கத் தொடங்கினார். அந்தப் பயணத்தில் வந்ததுதான் நாம் முதலில் கண்ட நியூயார்க் மேடை. 1976 நவம்பர் 9-ஆம் நாள், தம் 96-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

ரோசினா தம் திறமையைப் பல ஆண்டுகள் பின்னிறுத்திக்கொண்டது சரிதானா? இக்கேள்வி நம் மனத்திலும் எழுகிறது. ஒவ்வொரு பெண்ணும் அவ்வாறே ஒதுங்க வேண்டும் என்று நாம் கூறமாட்டோம். ஆனால் ஒன்றைக் கவனிப்போம். கற்ற கலையை மணநாளோடு மறந்துவிடும் பெண்கள் எல்லா நாடுகளிலும் உண்டு. ரோசினா மேடையை விட்டு ஒதுங்கினாரே தவிர, கலையைக் கைவிடவில்லை. மாணவரின் பிழையைக் காதால் கேட்டு, தம் விரலால் வாசித்துக் காட்டித் திருத்திய ஒவ்வொரு நாளும் அவருக்கும் பயிற்சி நாளே ஆயிற்று. அதனால்தான் வாய்ப்பு வந்தபோது அவர் விரல்கள் ஆயத்தமாக இருந்தன.

அன்பு மாணவியரே, இன்று நாம் கற்பது இசையாயினும் கணிதமாயினும், அதை நாள்தோறும் கையாள்வோம். அறியாத ஒருவருக்குச் சொல்லிக் கொடுப்போம். பெற்றோரே, உங்கள் மகள் கற்றதை அவள் எங்கு சென்றாலும் தொடர வழிசெய்யுங்கள். அது பயன்படும் நாள் எப்போது வரும் என்பதை நம்மில் யார் அறிவார்?